பாக்கெட் உப்பில்லாத ரெண்டு வாரம்

மரக்காணம்

என் தங்கம் தேனு,

நேற்று போனில் நீ கேட்டதற்கெல்லாம் "சரியாயிடும்டி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். பக்கத்தில் உங்கப்பா நின்றிருந்தான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு கட்டி, கதிர்வீச்சு என்று பேச வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். என் கையெழுத்தைக் கிண்டல் பண்ணவாவது முழுசாகப் படிப்பாய்.

தைராய்டை எடுத்தாயிற்று. ரிப்போர்ட்டில் 'பாப்பில்லரி' என்று போட்டிருக்கிறது. தைராய்டில் வருகிற புற்றுநோய்களில் அதிகம் பேருக்கு வருவது இதுதான். பெரும்பாலும் மெதுவாக வளரும், வைத்தியத்துக்கும் படியும்.

எப்படி வந்தது என்கிறாயா? ஒரு செல் இரண்டாகும்போது தன் மரபணு முழுவதையும் படியெடுக்கும். எங்காவது ஓர் எழுத்து தப்பும். பெரும்பாலும் செல்லே திருத்திக்கொள்ளும், இல்லாவிட்டால் செத்துப்போகும். 'வளர்' என்று உத்தரவு போடும் மரபணுவிலேயே பிழை விழுந்துவிட்டால்தான் வம்பு. உன் வகையில் பலருக்கு 'பிராஃப்' என்ற மரபணு இப்படிப் பழுதாகியிருக்கும். உப்பளத்தில் மடையை அடைக்க முடியாமல் போனால் பாத்தியில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்குமே, அந்த மாதிரி உத்தரவு ஓயாமல் போகும். ஹாஸ்டலில் நூடுல்ஸ் தின்றதாலோ ராத்திரியெல்லாம் போன் நோண்டியதாலோ வந்ததில்லை. (போனுக்குத் தனியாகத் திட்டு இருக்கிறது, அது அப்புறம்.)

"பாக்கெட் உப்பு தின்னதாலதான் வந்துச்சு" என்று தெருவில் ஒரு பேச்சு ஓடுகிறது. கிராம சுகாதாரச் செவிலியராக இருந்த காலத்தில் ஒரு சின்ன பாட்டிலோடு வீடு வீடாகப் போய் உப்பைச் சோதித்தவள் நான். ஒரு சொட்டு விட்டால் அயோடின் கலந்த உப்பு நீலமாகும். அளத்திலிருந்து முந்தானையில் முடிந்து வந்த கல்லுப்பு வெள்ளையாகவே கிடக்கும். "கடல் தண்ணியில இல்லாத அயோடினா நர்சம்மா?" என்று என்னை மடக்குவார்கள். கடலில் இருக்கிறதுதான். ஆனால் உப்பு விளையும்போது அது கல்லுக்குள் அதிகம் சேராமல், மிச்சம் நிற்கும் கசப்புத் தண்ணீரோடு போய்விடும். நமக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம், அதற்குத்தான் பாக்கெட் உப்பில் கலக்கிறார்கள்.

1956-ல் டாக்டர் ராமலிங்கசுவாமியின் குழு காங்க்ரா பள்ளத்தாக்கில் சில பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பும், ஒரு பகுதிக்குச் சாதா உப்பும் கொடுத்துப் பார்த்தது. அயோடின் உப்பு கிடைத்த பகுதிகளில் கழுத்துக் கழலை குறைந்தது. அதன் பிறகுதான் 1962-ல் கழலையைக் கட்டுப்படுத்தும் தேசியத் திட்டம் வந்தது. அயோடின் போதாமல் வரும் அந்தக் கழலை வேறு, உனக்கு வந்தது வேறு. பாக்கெட் உப்பின் மேல் பழி போட வலுவான ஆதாரம் கிடையாது. தெருவுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், நீ மண்டையைக் குழப்பிக்கொள்ளாதே.

இப்போது வேடிக்கையைக் கேள். உனக்குக் கொடுக்கப்போகிற மருந்தே அயோடின்தான். தைராய்டு செல்லின் மேல் ஒரு பம்பு உண்டு. சோடியத்தோடு சேர்த்து அயோடினையும் உள்ளே இழுக்கும். புற்றாகிப் போன பிறகும் பல செல்கள் இந்தப் பழக்கத்தை விடுவதில்லை. நியூயார்க்கில் சைட்லின் என்ற டாக்டரிடம் ஒருவர் வந்தார். தைராய்டை எடுத்துப் பல வருஷம் ஆகியும் தைராய்டு மிகையாகச் சுரக்கும் அறிகுறி அவருக்கு இருந்தது. உடம்பில் வேறெங்கோ பரவிய செல்கள் அங்கேயும் பழைய வேலையையே செய்துகொண்டிருந்தன. 1943-ல் அவருக்குக் கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள். அந்தச் செல்கள் அதை ஆசையாக இழுத்துக்கொண்டன. அதிலிருந்து வரும் பீட்டா கதிர் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும், அதனால் பெரும் பாதிப்பு இழுத்த செல்லுக்குத்தான். உனக்குக் கொடுக்கும் அயோடினின் வீரியம் எட்டு நாளில் பாதியாகிவிடும். நம் நாட்டிலேயே டிராம்பேயில் இது தயாராகிறது. சில கட்டிகள் இந்தப் பசியை இழந்துவிடுவதும் உண்டு, அவற்றுக்கு வேறு மருந்து. முடி கொட்டுமா என்று நாலு தரம் கேட்டாய். வேகமாகப் பிரிகிற செல்லையெல்லாம் அடித்து முடியைக் கொட்டவைக்கும் கீமோ இல்லை இது. உன் பின்னல் பத்திரம்.

மிச்சமிருக்கும் தைராய்டு செல்லை அயோடின் இல்லாமல் பட்டினி போட்டால்தான் மருந்தை நன்றாக இழுக்கும். அதற்குத்தான் ரெண்டு வாரம் மீன், இறால், முட்டை, பால், தயிர், பாக்கெட் உப்பு எதுவும் கிடையாது. மரக்காணத்துப் பெண்ணுக்கு இது தண்டனைதான். எந்த உப்பு போடலாம் என்று ஆஸ்பத்திரித் தாளில் இருக்கும். "நம்ம அளத்து உப்புதானே" என்று நீயாக முடிவு பண்ணாதே. தைராய்டு மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருந்தால் அந்த நாட்களில் உடம்பு அசந்து அசந்து வரும், காரணமில்லாமல் அழுகை வரும். வரட்டும். மருந்து குடித்ததும் தண்ணீர் நிறையக் குடி. மருந்து கொடுத்து வைத்திருக்கும் தனி அறையிலிருந்து விட்டதும் நேரே இங்கே ஓடிவராதே. உங்க அக்கா முழுகாமல் இருக்கிறாள், டாக்டர் சொல்கிற நாள் வரைக்கும் தள்ளி இரு.

அதற்கப்புறம்தான் என் கவலையே. கண் திறக்கும் முன்னே காபி டம்ளரைத் தேடுகிறவள் நீ. தைராக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில், பச்சைத் தண்ணீரில்தான் போட வேண்டும். காபி அரைமணியாவது கழித்து. இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகள் நாலு மணி நேரம் தள்ளி. ராத்திரியே தலைமாட்டில் மாத்திரையும் சொம்புத் தண்ணியும் வைத்துக்கொள். இல்லாமல் போன சுரப்பியின் வேலையை அது செய்கிறது. அதோடு மூளைக்கு அடியிலுள்ள சுரப்பியிலிருந்து வரும் டி.எஸ்.எச். என்ற சுரப்பை அடக்கி, எங்காவது ஒளிந்திருக்கும் செல் தலைதூக்காமலும் பார்த்துக்கொள்கிறது. நாலு வருஷம் போனதும் "நான்தான் நல்லாயிருக்கேனே அத்தை" என்பாய். நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால்தான். கல்யாணமாகட்டும், பிள்ளை உண்டாகட்டும், டாக்டரைக் கேட்காமல் ஒரு நாளும் நிறுத்தாதே.

ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போடு. பழனி போன பையிலும் அலமாரிப் பேப்பருக்கு அடியிலும் நீ வைத்ததைத் தேடி என் முழங்கால் தேய்ந்துவிட்டது. நோய் திரும்புகிறதா என்று பார்க்கும் தைரோகுளோபுலின் டெஸ்ட் எடுக்கும்போதெல்லாம் தேதியையும் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி வை, எனக்கும் போன் பண்ணிச் சொல். போட்டோ எடுத்து அனுப்பாதே, அந்தப் பொடி எழுத்து எனக்குத் தெரியாது.

உன் அத்தை