உலாவியும் மொழிமாற்றியும்

ஒரே மூலநிரலிலிருந்து ஆக்கப்பெற்ற இரண்டு உலாவிகள், ஒரே கணிப்பொறியில் வெவ்வேறு விரைவுடன் இயங்குதல் கூடுமோ எனின், கூடும் என்பதே விடையாம். மூலநிரல் மக்கள் எழுதுவது. அதனைப் பொறி உணரும் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர் என்னும் மொழிமாற்றி. லினக்ஸ் உலகில் பெடோரா, டெபியன் முதலிய வழங்கல்களின் பொதியாளர், பயர்பாக்ஸ் உலாவியின் மூலநிரலைத் தாமே மொழிமாற்றிப் பொதியாக்கிப் பயனர்க்கு அளிக்கின்றனர். உலாவி தாமதிக்குங்கால் நாம் அதனை எழுதினோரையே நோகின்றோம். இடைநின்ற பொதியாளரை எண்ணுவதில்லை.

பொதியாளர் தம் பொறிக்கு மட்டும் ஏற்ற கட்டளைகளைப் பயன்படுத்தல் இயலாது. 2013-இல் இன்டெல் செயலிகளில் வந்த ஏ.வி.எக்ஸ்.2 கட்டளைகளை யாண்டும் பெய்துவிடின், அவற்றை அறியாத பழைய செயலியில் உலாவி திறந்தவுடன் மடியும். ஆதலின் யாவர்க்கும் பொதுவான கட்டளைகளைக் கொண்டே விரைவு தேடல் வேண்டும்.

அதற்குரிய வழிகளுள் ஒன்று இணைப்புக்கால மேம்பாடு. வழக்கமான முறையில் மொழிமாற்றி ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே நோக்கும். அயற்கோப்பில் உள்ளது அதற்குத் தெரியாது. இலக்கணம் பயில்வோராகிய நமக்கு இதனை விளக்குதல் எளிது. நிலைமொழியை மட்டும் கண்டவன் புணர்ச்சி விதி கூறல் இயலுமோ? வருமொழியும் உடன் தெரிதல் வேண்டுமன்றோ? அதுபோல, கோப்புகளை இடைநிலை வடிவில் வைத்திருந்து, இணைக்குங்கால் யாவற்றையும் ஒருங்கே நோக்கின், ஒரு கோப்பின் சிறு செயற்கூறு மற்றொரு கோப்பினுள் கலந்துவிடும், பயனற்றது கெடும். ஆயின் இதற்கு நினைவகமும் காலமும் மிகுதியாக வேண்டும்.

இதன்கண் ஓர் இடர்ப்பாடும் உண்டு. 2017-இல் வெளிவந்த பயர்பாக்ஸ் 57 முதல் அதன் நடையமைப்புப் பகுதி ரஸ்ட் மொழியில் அமைந்தது. பெரும்பகுதி சி++ மொழியே. ரஸ்டும் கிளாங்கும் எல்.எல்.வி.எம். என்னும் ஒரே அடித்தளத்தின ஆதலின், அவ்விரண்டின் இடைநிலை வடிவங்களும் ஒன்றோடொன்று புணரும். ஜி.சி.சி. மொழிமாற்றியின் வடிவமோ வேறு. ஆண்டு மொழியெல்லையிலே புணர்ச்சி நின்றுவிடும். 2018-இல் பயர்பாக்ஸ் 63 முதல் மொசில்லா தன் லினக்ஸ் ஆக்கங்களைக் கிளாங்குக்கு மாற்றியது. இதுகொண்டு ஜி.சி.சி. தாழ்ந்ததென முடிவு கட்டுதல் பொருந்தாது. ஆக்கும் முறை செவ்விதாயின் அதுவும் விரைந்த உலாவியைத் தரவல்லது.

மற்றொன்று ஒத்திகை முறை. முதலில் எண்ணிக்கைக் குறிகள் பொருத்திய உலாவி ஒன்றை ஆக்குவர். அதனைச் சில மாதிரிப் பக்கங்களில் ஓட்டி, எப்பகுதி அடிக்கடி நடக்கின்றது, எது நடவாதிருக்கின்றது எனப் பதிவு செய்வர். பின்னர் அப்பதிவை மொழிமாற்றிக்கு ஊட்டி இரண்டாம் முறை ஆக்குவர். அடிக்கடி நடப்பது விரைவுக்கென விரித்தமைக்கப்படும். நடவாதது இடச் சிக்கனத்துக்கெனச் சுருக்கப்பட்டு ஒதுக்கப்படும். பொதியாக்கும் சேவையகத்தில் திரை இல்லை. உலாவியோ திரையின்றி ஒத்திகை பாட மறுக்கும். ஆதலின் எக்ஸ்வி.எப்.பி. என்னும் கற்பனைத் திரையை அதன்முன் நிறுத்துவர். நகைப்புக்குரியதாயினும் பயனுள்ள சூழ்ச்சியே!

ஈண்டே நம்மைத் தொடும் செய்தி உளது. ஒத்திகையிற் கண்டதையே மொழிமாற்றி உலகியல் எனக் கொள்ளும். 'கொ' என்னும் எழுத்தைத் திரையில் இடுதற்கு, அதன் உயிர்க்குறி இரண்டாகப் பிரிந்து, ஒரு பகுதி மெய்க்கு முன்னும் ஒரு பகுதி பின்னும் செல்லல் வேண்டும். பயர்பாக்ஸில் இப்பணியை ஆற்றுவது ஹார்ப்பஸ் என்னும் நூலகம். மாதிரிப் பக்கங்கள் யாவும் ஆங்கிலமேயாயின், தமிழை வடிக்கும் அப்பகுதி 'அரிதாய் நிகழ்வது' எனப் புறந்தள்ளப்படும். நிரல் பிழையன்று, தமிழ் பிழையன்று, ஒத்திகையில் தமிழ் வந்திலது, அவ்வளவே. அம்மாதிரிப் பக்கங்கள் மூலநிரலுடனேயே வருகின்றன. பொதியாளர் ஒருவர் விரும்பின், தமிழ்ப் பக்கம் ஒன்றை அவற்றுடன் சேர்த்து மீண்டும் ஆக்குதல் அரிதன்று.