சுற்றிவளைப்பும் மூன்று வாரச் சோறும்

அன்புள்ள செல்விக்கு,

பரங்கிமலை ராணுவ அதிகாரிப் பயிற்சிக் கழகத்திலிருந்து நீ போட்ட கடிதம் கிடைத்தது. ராணுவத்தில் சோறும் சரக்கும் கவனிக்கும் ஏ.எஸ்.சி. பிரிவை உனக்கு ஒதுக்கியதில் முகம் சுண்டிப்போனது ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. பக்கவாட்டுத் தாக்குதல், சுற்றிவளைப்பு என்றெல்லாம் படித்துவிட்டுக் கடைசியில் அரிசி மூட்டை எண்ணுவதா என்று கேட்கிறாய். எண்ணத்தான் வேண்டும். அதற்கு முன்னால் பர்மாப் போரைக் கொஞ்சம் புரட்டிப் பார்.

1942-ல் ஜப்பானியர் அங்கே திரும்பத் திரும்பக் காட்டியது ஒரே வித்தை. முன்னால் ஒரு சிறு படை எதிரியைப் பிடித்து நிறுத்தும். இன்னொன்று காட்டுக்குள் புகுந்து, பின்னால் போய்ச் சாலையை மறிக்கும். லாரியை நம்பியிருந்த பிரிட்டிஷ் இந்தியப் படைக்குச் சாலை போனால் சகலமும் போயிற்று. மறிப்பை உடைக்கத் திரும்புவார்கள். அப்படியே பின்வாங்கி இந்திய எல்லைக்கே வந்துவிட்டார்கள்.

அந்தப் பின்வாங்கலை நடத்திய ஜெனரல் ஸ்லிமுக்கு ஒன்று உறைத்தது. பின்னால் வந்து உட்கார்ந்தவன் எதைத் தின்பான்? முதுகில் சுமந்து வந்ததைத்தான். நாம் இருந்த இடத்திலேயே இருந்து, நமக்குச் சோறு வானத்திலிருந்து இறங்கினால் சிக்கிக்கொண்டவன் அவன்தானே?

1944 பிப்ரவரியில் அரக்கானில், சின்ஸ்வேயா என்ற இடத்தில் இது பரீட்சைக்கு வந்தது. 7-வது இந்திய டிவிஷனின் தலைமையகத்தையே ஜப்பானியர் பிடித்துவிட்டார்கள். தளபதி மெஸ்ஸர்வி தப்பி வந்து கிடங்குப் பகுதியில் சேர்ந்தார். அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் குமாஸ்தாக்கள், சமையல்காரர்கள், கோவேறு கழுதை ஓட்டிகள். உன் ஆட்கள்! டாங்கிகளும் ஒரு காலாட்படைப் பட்டாளமும் துணைக்கு இருந்தன. கள மருத்துவமனைக்குள் புகுந்து நோயாளிகளையும் டாக்டர்களையும் ஜப்பானியர் கொன்றார்கள்; அதை மறைத்து வெறும் வீரக்கதை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் இரண்டு வாரத்துக்கு மேல் ஒருவரும் நகரவில்லை. டகோட்டா விமானங்கள் உணவும் தோட்டாக்களும் போட்டுக்கொண்டே இருந்தன. பட்டினியில் வாடி விலகியது வளைத்தவர்கள்தான். பாராசூட்டுக்குத் துணி போதாதபோது ஸ்லிமின் ஆட்கள் கல்கத்தாவில் சணலிலேயே செய்து வாங்கினார்கள் என்பதையும் குறித்துக்கொள். போர்க்கலைப் பாடத்தில் இதற்கு எத்தனை மதிப்பெண் தருகிறார்களோ!

அடுத்த மாதமே இம்பால் மீது படையெடுத்த ஜப்பானிய ஜெனரல் முதாகுச்சி, மூன்று வார உணவோடு ஆட்களை அனுப்பினார். இறைச்சிக்கென்று ஓட்டிச் சென்ற மாடுகளில் பல சிந்த்வின் ஆற்றிலேயே போயின. மீதி உணவை எதிரியின் கிடங்கில் பிடித்துக்கொள்ளலாம் என்பது திட்டம். கிடங்கு கிடைக்கவில்லை, மழை வந்தது. கோஹிமாவில் இருந்த அவருடைய டிவிஷன் தளபதி சாட்டோ, உத்தரவை மீறித் தன் ஆட்களைப் பின்னுக்கு அழைத்துப் போனார், பதவியும் போனது.

வகுப்பில் யாராவது வரைபடத்தில் வளைந்த அம்புக்குறி போட்டால், அதன் முனையில் நிற்பவனுக்கு எத்தனை நாள் ரேஷன், எந்த வழியாக என்று கேள். சாட்டோ செய்தது சரியா என்று உன் தோழிகளோடு வாதாடிப் பார்த்து எனக்கு எழுது. நான் அவர் பக்கம். உன் சித்தி மறுக்கிறாள்.

அன்புடன்,
சித்தப்பா