பாட்டியின் படம்

ஒரு வீட்டில் பாட்டி இறந்துபோனார். மாலை போட ஒரு படம் வேண்டும். பெட்டியில் தேடினார்கள். செல்போனில் தேடினார்கள். கல்யாணப் படங்கள் நிறைய இருந்தன. எல்லாவற்றிலும் பாட்டி ஓரத்தில் நின்றார். ஒன்றில் முகம் இருட்டு. இன்னொன்றில் பாதி முகம்தான் தெரிந்தது.

"போன் என் கையிலேயே இருந்ததே! ஒரு நல்ல படம் எடுக்காமல் விட்டேனே!" என்று பேரன் அழுதான்.

ராஜா தீன் தயாள்

ஒரு காலத்தில் படம் எடுப்பது பெரிய வேலை. கேமரா பெரிய பெட்டி போல இருக்கும். படம் கண்ணாடித் தகட்டில் பதியும்.

அந்தக் காலத்தில் ஐதராபாத்தில் புகழ் பெற்றவர் தீன் தயாள். 1844இல் மீரட் அருகே பிறந்தவர். ஆறாவது நிஜாமின் அரண்மனைப் படக்காரர். நிஜாம் அவருக்கு 'ராஜா' பட்டம் கொடுத்தார்.

அன்று பல பெண்கள் கோஷா முறையில் வாழ்ந்தார்கள். வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டார்கள். அவர்களைப் படம் எடுப்பது எப்படி? தீன் தயாள் ஒரு வழி கண்டார். 1892இல் ஐதராபாத்தில் பெண்களுக்கென்றே தனி ஸ்டூடியோ திறந்தார். அங்கே படம் எடுக்கும் பொறுப்பு ஓர் ஆங்கிலேயப் பெண்மணியிடம் இருந்தது. பெண்கள் கூச்சமில்லாமல் வந்தார்கள்.

தீன் தயாள் 1905இல் காலமானார். 2006இல் இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

நீங்களும் எடுக்கலாம்

1. போனில் உள்ள கேமராக் கண்ணாடியை மெல்லிய துணியால் துடையுங்கள்.

2. வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும். முதுகுப் பக்கம் வெயில் இருந்தால் முகம் கறுத்துவிடும்.

3. உச்சி வெயில் வேண்டாம். கண்ணுக்குக் கீழே நிழல் விழும். காலை, மாலை நல்லது. திண்ணை நிழலும் நல்லது.

4. கிட்டே போங்கள். முகம் தெளிவாகத் தெரியட்டும்.

5. குழந்தையை எடுக்கும்போது நீங்களும் உட்காருங்கள். கேமரா அதன் கண்ணுக்கு நேராக இருக்கட்டும்.

6. பின்னால் பாருங்கள். தலைக்கு மேல் கம்பம் முளைத்தது போல் தெரிய வேண்டாம்.

7. "அசையாதே, சிரி" என்று அதட்டாதீர்கள். பேச்சுக் கொடுங்கள். முகம் தானே மலரும்.

8. கேட்டுவிட்டு எடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

நல்ல படத்தைக் காகிதத்தில் போட்டு வையுங்கள். போன் கெட்டாலும் படம் இருக்கும். பின்பக்கம் பெயரும் தேதியும் எழுதுங்கள். உங்களுக்குத்தான் இப்போது எழுதத் தெரியுமே!

பதில் சொல்லுங்கள்

1. பேரன் ஏன் அழுதான்?
2. 1892இல் தீன் தயாள் என்ன செய்தார்?
3. உச்சி வெயிலில் ஏன் படம் எடுக்கக் கூடாது?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் வயதில் மூத்தவர் யார்? இன்று மாலை அவரைத் திண்ணையில் உட்கார வைத்து ஒரு படம் எடுங்கள்.