சிறுமியர்க்கு ஹாஸ்யத் தொடர் நூல்கள்

ஆறேழு பிராயத்துச் சிறுமிக்கு ஆங்கில ஹாஸ்யத் தொடர் நூல்களைத் தேர்ந்தெடுக்க விழையும் பெற்றோர், அட்டைச் சித்திரத்தின் வசீகரத்தில் மயங்கி முழுத் தொகுதியையும் வாங்கிவிடாமல், முதற் புத்தகத்தை மட்டும் நூலகத்திலிருந்து இரவல் பெற்று, ஓர் அத்தியாயத்தை உரக்க வாசித்துக் காட்டி, குழந்தை தானாகச் சிரிக்கிறாளா என்று கவனிப்பது உத்தமம். அவளே வாசிக்கையில் ஒரே பக்கத்தில் ஐந்து சொற்களுக்குத் தடுமாறினால் அந்நூல் சிறிது காலம் காத்திருக்கட்டும். பார்பரா பார்க் 1992-இல் தொடங்கிய தொடரின் நாயகி ஜூனி பி. ஜோன்ஸ் இலக்கணப் பிழைகளோடே பேசுகிறவள். இதனை ஆட்சேபிப்போர் உண்டெனினும், எனக்கென்னவோ அப்பிழைகளிலேதான் ரஸம் இருப்பதாகத் தோன்றுகிறது. குணத்தில் நேர்விரோதமான இரு தோழியரைப் பற்றிய ஆனி பாரோஸின் ‘ஐவியும் பீனும்’, சித்திரங்கள் மிகுந்திருப்பதால் தனியே வாசிக்கத் தொடங்குவோர்க்கு ஏற்றது. பெவர்லி கிளியரியின் ரமோனா கதைகளோ சற்று நீண்டவை. இரவில் பெரியவர் வாசிக்கக் கேட்பதற்கே பொருந்தும்.