பாறையேற்றமும் பாறை பேணலும்

மன்னார்த் தீவில் வளர்ந்த நமக்குப் பாறை என்பது அரிய பொருள். காலடியிற் கிடப்பது மணல். அதன்கீழ் உள்ளது சுண்ணாம்புக்கல். தெற்கே அரிப்புக் கரைக்குச் சென்று பார்ப்போமாயின், தேசாதிபதி நோர்த் 1801 தொடக்கம் 1804 வரை கட்டுவித்த டொறிக் மாளிகை இடிந்து நிற்க, அது நின்ற கரையையும் கடல் தின்று வருதலைக் காண்போம். ஊரின் பெயரே அரிப்பு அன்றோ! அத்தகைய மென்கரையில் ஏறுதல் ஏறுவோனுக்கும் கேடு, கரைக்கும் கேடு.

ஆதலின், கயிறின்றித் தாழ்ந்த பாறைகளில் ஏறிப் பழகும் 'போல்டரிங்' என்னும் விளையாட்டை விரும்பும் நம் மாணவர் உள்நாட்டுக் கருங்கற் பாறைகளையே நாடுதல் வேண்டும். 2021இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டும் இடம்பெற்றது. ஆயின், போட்டிச் சுவர் வேறு, எவரும் ஏறாத காட்டுப் பாறை வேறு. புதுப்பாறையிற் பாசியும் புழுதியும் பெயர்ந்த சில்லுகளும் இருக்கும். அவற்றை ஓரளவு நீக்காமல் ஏறினால் கை வழுக்கும். எவ்வளவு நீக்கலாம் என்பதே வினா.

முதலில், அழுக்கென்று தோன்றுவதெல்லாம் அழுக்கன்று. வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்திற் பாறைக்குகைச் சாசனம் ஒன்று உண்டு. எழுத்துப் பிராமி, மொழி பிராகிருதம். தமிழ் வணிகனாகிய விசாகன் என்னும் குடும்பத் தலைவனைக் குறிப்பது அது. பேராசிரியர் பரணவிதான 1970இல் வெளியிட்ட சாசனத் தொகுப்பிலும் இடம்பெற்றுள்ளது. ஈராயிரம் ஆண்டு மழைக்குத் தாங்கிய அவ்வெழுத்து ஒரு நாட்காலைக் கம்பித் தூரிகைக்குத் தாங்குமா? இத்தகைய சாசனங்கள் பெரும்பாலும், மழைநீர் குகைக்குள் வழியாதவாறு வெட்டிய கற்புருவத்தின் கீழேயே காணப்படும். கற்புருவம் கண்ட பாறையிற் கை வையாது திரும்புக. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டமும் அதனையே சொல்கிறது. காடு, கோயில், தனியார் காணி எதுவாயினும் உரியவரிடம் அனுமதி பெறுதல் வேண்டும். மிதிவெடிப் பலகை நிற்கும் இடத்திற்கு அப்பால் ஓரடியும் வைத்தல் கூடாது. நம் மாவட்டத்தாருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

மாரி ஓய்ந்து கல் உலர்ந்தபின் செல்க. வெடிப்புகளில் வௌவாலோ குளவிக்கூடோ பாம்போ உண்டா என எட்ட நின்று நோக்குக. இருப்பின் அப்பாறை அவற்றினுடையது. பின்னர், விரற்கணுவாற் பாறையைத் தட்டிப் பார்க்க வேண்டும். பொள்ளென ஒலிப்பது பெயர்ந்த சில்லு. ஏறுவோன் தலையில் விழக்கூடியதை மட்டும் கையால் எடுத்துக் கீழே வைத்தல் அமையும். நெம்புகோலால் நெம்பிப் பெயர்த்தெடுப்பது துப்புரவன்று, கல்லுடைப்பு.

துலக்குதற்குத் தும்புத் தூரிகையே போதும். நைலோன் தூரிகையும் ஆகும். கம்பித் தூரிகை, உளி, அமிலம், பசை ஆகியன வேண்டா. பிரான்சின் பொந்தன்புளோக் காட்டு மணற்பாறைகளின் வன்தோல் மிக மெல்லியது. அது உரிந்தால் உள்மணல் உதிர்ந்துகொண்டே போகும். நம் கருங்கல் அதனினும் வலியதே எனினும், சுரண்டலால் மழமழப்பாகிப் பிடிமானத்தை இழக்கும். மேலிருந்து கீழாக, கை பற்றும் இடமும் கால் ஊன்றும் இடமும் உச்சி விளிம்பும் மட்டுமே துலக்கற்பாலன. ஏனைய இடத்துக் கற்பாசியை விட்டுவிடுக. பூஞ்சணமும் பாசியும் ஒன்றிவாழும் அவ்வுயிரில் ஆண்டுக்கு ஒரு மில்லிமீற்றரும் வளராத இனங்கள் உள. நம் உள்ளங்கை அகலம் பரவ அதற்கு எத்தனை தலைமுறை செல்லும் என மாணவர் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

விழுமிடத்திற் கிடக்கும் சுள்ளிகளையும் சிறு கற்களையும் ஒதுக்கி மெத்தை விரிக்கலாம். மரம் வெட்டுவதும் மண் அகழ்வதும் தகா. கைக்குப் பூசும் மக்னீசியம் காபனேற்றுப் பொடியின் வெண்தழும்பை மாலையிற் புறப்படுமுன் துடைத்தல் வேண்டும்.

துலக்கும்போது எழுத்துப் போன்ற கீறல் ஏதும் தென்பட்டால் தூரிகையை அக்கணமே நிறுத்துக. படம் தெளிவாக விழவேண்டும் எனச் சுண்ணக்கட்டியால் எழுத்தை நிரப்புவோரும் உளர், அதுவும் சேதமே. உள்ளவாறே படமெடுத்து, இடத்தைக் குறித்துத் தொல்பொருட் திணைக்களத்திற்கு அறிவித்துவிட்டு, வேறு பாறை தேடுக.