மருந்துச் சீட்டுக்கு அப்பால்: அழற்சி மூட்டுவாதத்தில் நோயாளர் கல்வி

மக்கள் வழக்கில் சரவாங்கி என்று சொல்லப்படும் முடக்குவாதம் ஆண்டுக்கணக்கில் உடன்வரும் நோய். மூன்று மாதத்திற்கு ஒருமுறை மருத்துவரைச் சந்திக்கும் ஒருவர், ஓராண்டு முழுவதிலும் அவர் எதிரே அமர்ந்திருக்கும் நேரம் மிகக் குறைவு. மருந்தை எடுத்துக்கொள்வது, பக்கவிளைவைக் கவனிப்பது, வலி மிகும்போது முடிவெடுப்பது ஆகிய அனைத்தும் வீட்டில்தான் நடக்கின்றன. இவற்றைச் செய்வதற்கு வேண்டிய அறிவையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே நாங்கள் கருதுகிறோம்.

ஐரோப்பிய வாதநோயியல் அமைப்பான யூலார், அழற்சி மூட்டுவாதம் உள்ளோருக்கான கல்வி குறித்து 2015-ஆம் ஆண்டில் 2 அடிப்படைக் கொள்கைகளையும் 8 பரிந்துரைகளையும் வெளியிட்டது. முடக்குவாதம், முதுகுத்தண்டைத் தாக்கும் அழற்சி வாதங்கள், சொரியாசிஸ் சார்ந்த மூட்டுவாதம் ஆகியவை இதில் அடங்கும். நோயாளர் கல்வி என்பது திட்டமிட்டு, இருபுறமும் பேசிக் கற்கும் ஒரு முறை என்று அது வரையறுக்கிறது. குறைந்தது மூன்று தருணங்களில் அக்கல்வி கிடைக்க வேண்டும் என்றும் கூறுகிறது: நோய் உறுதியாகும்போது, மருந்து மாறும்போது, உடலோ மனமோ தளரும்போது. இம்மூன்றும் நடைமுறையில் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறோம்.

1. நோய் உறுதியாகும்போது

நோயின் பெயரைக் கேட்ட அன்று மனம் கலங்கியிருக்கும். சொல்வதெல்லாம் செவியில் ஏறாது. எனவே முதல் நாளில் மூன்று செய்திகளை மட்டும் சொல்கிறோம்.

முதலாவது: உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு ஆற்றல், மூட்டின் உள்சவ்வையே தாக்குவதால் வீக்கமும் காலைநேர இறுக்கமும் உண்டாகின்றன. நீங்கள் செய்த வேலையாலோ உண்ட புளியாலோ கத்தரிக்காயாலோ இந்நோய் வந்துவிடவில்லை. புகைபிடித்தல் மட்டும் நோயை மிகுவிப்பது உறுதியாகத் தெரிந்திருப்பதால், அதைக் கைவிடுவது அவசியம்.

இரண்டாவது: வலிநிவாரணி வலியைக் குறைக்கும், மூட்டு அரிக்கப்படுவதைத் தடுக்காது. அதைத் தடுப்பவை நோயின் போக்கை மாற்றும் மருந்துகளே. ஒருமுறை அரிக்கப்பட்ட எலும்பு பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஆகவே சிகிச்சையை விரைவில் தொடங்குகிறோம்.

மூன்றாவது: இம்மருந்துகள் பயன்தரச் சில வாரங்கள் ஆகும். மெத்தோட்ரெக்சேட்டின் பயன் தெரிய 6 முதல் 12 வாரம் வரை ஆகலாம். இதை அறியாதவர், மூன்றாம் வாரத்தில் "இந்த மருந்து கேட்கவில்லை" என்று நிறுத்திவிட நேரும்.

2. மருந்து தொடங்கும்போதும் மாறும்போதும்

மிகுந்த கவனம் வேண்டிய தருணம் இது. மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே நாள் எடுக்க வேண்டிய மருந்து. மற்ற மாத்திரைகளைப் போல நாள்தோறும் எடுத்துவிட்டால் எலும்பு மஜ்ஜை செயலிழந்து, இரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்து நேரும். பயனுள்ள இம்மருந்தைப் பாதுகாப்பாகக் கையாளப் பின்வருவனவற்றைக் கடைப்பிடியுங்கள்.

• "வாரம் ஒருமுறை" என்று எழுதினால் போதாது. எந்தக் கிழமை என்பதும் சீட்டில் இருக்க வேண்டும். இல்லையெனில் கேட்டு எழுதி வாங்குங்கள். படிக்கத் தெரியாதவர்கள், ஊரில் சந்தை கூடும் நாள் போல மறக்க இயலாத ஒரு நாளைத் தேர்ந்துகொள்ளலாம்.

• இம்மாத்திரை 2.5, 5, 7.5, 10 மில்லிகிராம் எனப் பல அளவுகளில் கிடைக்கிறது. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் அட்டையில் உள்ள எண்ணைப் பழைய அட்டையோடு ஒப்பிடுங்கள்.

• உடன் தரப்படும் ஃபோலிக் அமில மாத்திரையும் பல தயாரிப்புகளில் சிறியதாக, மஞ்சளாக இருக்கும். இரண்டையும் தனித்தனி டப்பாக்களில் வையுங்கள். வீட்டில் இன்னொருவரும் இவ்வேறுபாட்டை அறிந்திருக்கட்டும்.

• ஒரு வாரம் விடுபட்டால், அடுத்த வாரம் இருமடங்காக எடுக்கக் கூடாது.

• இரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளைச் சொன்ன தேதியில் செய்துகொள்ளுங்கள். உடல் நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் தள்ளிப்போட வேண்டாம்.

• வாய்ப்புண், காய்ச்சல், தொண்டைவலி, காரணமின்றித் தோன்றும் இரத்தக்கட்டு, வறட்டு இருமலுடன் மூச்சுத்திணறல், கண் மஞ்சளாதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அடுத்த வேளை மருந்தை எடுக்காமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

• வேறு நோய்க்காக வேறு மருத்துவரிடம் செல்லும்போதும் இம்மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். கோ-ட்ரைமாக்சசோல் என்னும் கிருமிக்கொல்லி மருந்து இதனோடு சேரக் கூடாது.

• இம்மருந்து கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யும். குழந்தைப்பேற்றை எண்ணும் பெண்கள் பல மாதங்கள் முன்னதாகவே எங்களிடம் பேசுங்கள். அதற்கேற்ற வேறு மருந்துகள் உள்ளன.

பிற மருந்துகளுக்கும் இவ்வாறே தனி விதிகள் உண்டு. சில வாரங்களாக எடுத்துவரும் ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தக் கூடாது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் எடுப்பவருக்குக் கண் பரிசோதனை தேவை. உயிரியல் மருந்து தொடங்கும் முன் காசநோய் உள்ளதா என்று பார்க்க வேண்டும். நாட்டு மருந்து எடுப்பவர்கள் அதை மறைக்க வேண்டாம். நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம். பெயரும் சேர்க்கை விவரமும் இல்லாத சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது கண்டறியப்பட்டதுண்டு என்பதாலேயே கேட்கிறோம்.

3. உடலோ மனமோ தளரும்போது

நன்றாக இருந்தவருக்கும் சில நாள்களில் நோய் திடீரென மிகும். அப்போது எந்த மருந்தை எவ்வளவு எடுக்கலாம், எத்தனை நாள் பொறுக்கலாம், எப்போது வர வேண்டும் என்பதை முன்கூட்டியே பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீங்கிய மூட்டுக்கு ஓய்வும், வலிக்காத அளவில் மெல்ல அசைத்தலும் நல்லவை. அழுத்தி உருவுவதும் முறுக்குவதும் தீங்கு.

அன்றாட வேலைகளில் சிறு மூட்டுகளின் சுமையைப் பெரிய மூட்டுகளுக்கு மாற்றுங்கள். பாத்திரத்தை விரல்களால் தூக்காமல் இரு உள்ளங்கைகளாலும் தாங்குங்கள். பையைக் கையில் தொங்கவிடாமல் தோளில் மாட்டுங்கள். கரண்டிக் காம்பில் துணி சுற்றித் தடிப்பாக்கினால் பிடிக்க எளிதாகும்.

இந்நோயின் களைப்பு வெளியே தெரிவதில்லை. வீக்கம் வடிந்த பிறகும் ஒருவர் படுத்திருந்தால் அதைச் சோம்பல் என்று வீட்டார் எண்ணிவிட இடமுண்டு. களைப்பும் மனச்சோர்வும் இந்நோயோடு வருபவை. அவற்றுக்கும் உதவி உண்டு. வாடிய முகத்தை முதலில் காண்பவர்கள் குடும்பத்தினரே. ஆகவே அவர்களும் இக்கல்வியில் பங்குகொள்ள வேண்டும்.

கற்றது மனத்தில் பதிந்ததா?

"புரிந்ததா?" என்று கேட்டால் பெரும்பாலோர் "புரிந்தது" என்றே சொல்வர். அதனால், "வீட்டில் மருமகள் கேட்டால், எந்தக் கிழமை எத்தனை மாத்திரை என்று சொல்வீர்கள்?" என்று செவிலியர் வினவுவார். இது உங்களுக்கு வைக்கும் தேர்வன்று. நாங்கள் சொன்ன முறை தெளிவாக இருந்ததா என்று அறியும் வழி. விடை தடுமாறினால் வேறு சொற்களில் மீண்டும் விளக்குவது எங்கள் கடமை.

நோயாளரும் மருத்துவரும் கூடி முடிவெடுப்பதை அப்பரிந்துரைகள் இன்றியமையாததாகக் கூறுகின்றன. மாத்திரையா ஊசியா, பரிசோதனைக்கு எந்த நாள் வர இயலும், மருந்துச் செலவைத் தாங்க முடியுமா என்பவற்றை வெளிப்படையாகச் சொல்லுங்கள். தாங்க முடியாத மருந்தைச் சொல்லாமல் நிறுத்துவதைவிட, சொல்லி மாற்றிக்கொள்வது நன்று.

அடுத்த முறை வரும்போது மூன்று பொருள்களை எடுத்து வாருங்கள்: இப்போது எடுக்கும் எல்லா மருந்துகளின் அட்டைகள், கடைசி இரத்தப் பரிசோதனைத் தாள், உங்கள் மனத்திலுள்ள இரண்டு கேள்விகள் எழுதிய சீட்டு. அக்கேள்விகளிலிருந்தே அன்றைய உரையாடலைத் தொடங்குவோம்.