மொட்டை மாடி ஃபர்னிச்சர்: கனமா இருக்கணும், இல்லன்னா மடங்கணும்!

போனஸ் வந்ததும் மொட்டை மாடியில் ஒரு குடை, நாலு பிரம்பு நாற்காலி போடணும்னு பலருக்கு ஆசை. தாராளமா போடுங்க. ஆனா பில்லில் இருக்கிற விலை முழுச் செலவு இல்லை. மிச்சத்தைக் காற்று வசூல் பண்ணிடும். எப்படின்னு பார்ப்போம்.

காற்றின் கணக்கு

காற்றின் வேகம் இரண்டு மடங்கானா, அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஒரு சதுர மீட்டர் பலகையை மணிக்கு 40 கி.மீ. காற்று சுமார் 7.5 கிலோ அளவுக்குத் தள்ளும். 80 கி.மீ.யில் அதுவே 30 கிலோ. 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கிய வர்தா புயல் மாதிரி 110 கி.மீ.ன்னா, 57 கிலோ!

8 அடி குடையின் பரப்பு சுமார் 4.5 சதுர மீட்டர். 40 கி.மீ. காற்று அடியில் புகுந்தாலே 30 கிலோவுக்கு மேல தூக்கும். 15 கிலோ ஸ்டாண்ட் அதுக்குப் போதாது. 3 கிலோ பிளாஸ்டிக் நாற்காலியைப் பத்தி சொல்லவே வேண்டாம். சென்னைக்கு இது ஐப்பசி, கார்த்திகைப் பிரச்சினை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் கோவைக்கு ஆனி, ஆடியிலேயே ஆரம்பிச்சுடும்.

எதை வாங்கலாம்?

*சொந்த வீடா? கனமா வாங்குங்க.* 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அங்குல கனமுள்ள கடப்பா கல் சுமார் 55 கிலோ வரும். இரண்டு சிமென்ட் பிளாக் மேல கலவை வச்சு உட்கார வச்சா பெஞ்ச் ரெடி. ஆள் நடமாடும் மாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோங்கிறதுதான் வடிவமைப்பில் எடுக்கிற வழக்கமான சுமை. அதனால பெஞ்சைச் சுவர் ஓரமா போடுங்க. பெரிய தொட்டிகளை ஒரே இடத்துல குவிக்காதீங்க.

*வாடகை வீடா? மடங்குறதா வாங்குங்க.* உட்கார்ந்து முடிச்சதும் உள்ளே போயிடணும். வீடு மாறும்போதும் கூடவே வரும்.

இரண்டுக்கும் நடுவுல இருக்கிற லேசான, மடங்காத ஃபர்னிச்சர்தான் பறக்கும். கடற்கரைப் பக்கம்னா சாதாரண இரும்பும் வேண்டாம், உப்புக் காற்று சீக்கிரம் அரிச்சிடும்.

வருஷச் செலவைப் பாருங்க

உதாரணத்துக்கு, ரூ.14,000 குடை செட் 2 வருஷம் தாங்கினா வருஷத்துக்கு ரூ.7,000. மடக்கு மேசை, இரண்டு நாற்காலி ரூ.5,000-க்கு வாங்கி 5 வருஷம் வச்சிருந்தா வருஷத்துக்கு ரூ.1,000 மட்டுமே. கிரெடிட் கார்டில் 'நோ காஸ்ட் ஈஎம்ஐ' எடுத்தாலும், அதில் கணக்கிடப்படும் வட்டிக்கு 18% ஜிஎஸ்டி உண்டு. குடை பறந்த பிறகும் ஈஎம்ஐ மட்டும் நிக்காது!

எப்படிக் கட்டுறது?

- தரையில் துளை போடாதீங்க. தளத்தின் நீர்க்காப்பு உடைஞ்சு கீழ் வீட்டில் ஒழுகும். வாடகைக்கு இருந்தா அட்வான்ஸில் கை வைப்பாங்க.
- மேசைக் காலில் 20 லிட்டர் தண்ணி கேன் கட்டுங்க. நிரப்பினா 20 கிலோ எடை, செலவு குறைவு.
- நைலான் கயிறு வெயிலில் இத்துப் போகும். ஜி.ஐ. கம்பியோ சங்கிலியோ போடுங்க. தண்ணிக் குழாயில் கட்டாதீங்க.
- புயல் எச்சரிக்கை வந்தா குடையை மடக்கி உள்ளே கொண்டு வாங்க, நாற்காலிகளையும்தான்.
- அபார்ட்மென்ட் மாடி பொது இடம். வாங்குறதுக்கு முன்னாடியே அசோசியேஷனிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்க.

இன்ஷூரன்ஸ் காப்பாத்துமா?

'பாரத் க்ருஹ ரக்ஷா' பாலிசியில் புயல் சேதம் அடங்கும். வாடகைக்கு இருப்பவர் வீட்டுப் பொருட்களுக்கு மட்டும்கூட எடுக்கலாம். ஆனா அது உங்க பொருளுக்கான காப்பு. உங்க நாற்காலி பறந்து கீழே நிக்கிற கார் கண்ணாடியை உடைச்சா, அந்தச் செலவு உங்க சம்பளத்திலிருந்துதான். ஆள் மேல விழுந்தா எந்தக் கணக்கும் ஈடு செய்யாது.

அதனால கடையில் நாற்காலியை முதலில் ஒரு கையால் தூக்கிப் பாருங்க. சுலபமா தூக்க முடிஞ்சா, அடுத்த கேள்வி: "இது மடங்குமா?" மடங்கலைன்னா, வச்சிட்டு வந்துடுங்க.

வருஷச் செலவுக் கணக்கை இந்த வார வீடியோவில் எக்செல்லில் போட்டுக் காட்டியிருக்கேன். உங்க பட்ஜெட்டை வச்சு ஒரு தடவை போட்டுப் பாருங்க!